பாக்கு நீரிணையும் நுழைவு அனுமதியும்: குறுகியகாலப் பயணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வெளிநாடொன்றுக்குச் சில நாள்கள் சென்றுவர விரும்பும் ஒருவர் நிரப்பவேண்டிய விண்ணப்பப் படிவத்தை நாம் அறிவோம். பெயர், பிறந்த இடம், தந்தை பெயர், கடவுச்சீட்டின் இலக்கம், அது காலாவதியாகும் நாள், பயணத்தின் நோக்கம், தங்கும் முகவரி, தங்கும் நாள்களின் எண்ணிக்கை, திரும்பும் பயணத்திற்கான சீட்டு, கைவசமுள்ள பணம், சில நாடுகளுக்கு மஞ்சட்காய்ச்சற் தடுப்பூசிச் சான்றிதழ் என அதன் வினாக்கள் நீளும். இவற்றை நாம் வெறும் அலுவலகச் சடங்காகக் கொண்டு விடையெழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றோம். ஆயின், ஒரு கல்வெட்டின் வரிகளை வாசிப்பதுபோல் இப்படிவத்தை வாசிப்போமாயின், அதன் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு பிறப்புக் காலம் உண்டென்பதும், அவ்வினாவை எழுப்பியது ஓர் அரசு கொண்ட அச்சமே என்பதும் புலனாகும்.

இவ்வாய்வுக்குப் பாக்கு நீரிணையை நாம் களமாகத் தெரிந்துகொண்டுள்ளோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 22 மைல் அகலமே உடையது. இக்குறுகிய கடலைக் கடப்பதற்கு வேண்டிய பத்திரங்கள் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு பெருகின என்பதை நோக்குவது, நுழைவு அனுமதி முறையின் பொது வரலாற்றையே ஒரு சிறு பரப்பில் வைத்துக் காண்பதற்கு ஒப்பாகும். நோய், தொழில், குடியுரிமை என்னும் மூன்று காரணங்களை முன்னிட்டு அம்முறை இங்கு வளர்ந்தது. ‘குறுகியகால வருகையாளர்’ என்னும் வகுப்பு, ‘நாட்டுக்கு நிரந்தரமாக உரியவர் யார்’ என்ற வினாவோடு உடன்பிறந்தது என்பதும், திரும்பிச் செல்லுதற்கு உறுதியான ஓரிடம் உடையவருக்கே குறுகியகாலப் பயணம் இயல்வதாயிற்று என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவனவாகும்.

பண்டை நிலை

பயணிக்கு முத்திரைச் சீட்டு வழங்கும் வழக்கம் புதியதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், முத்திரைச் சீட்டுகளை வழங்குதற்கென ஓர் அதிகாரியைக் குறிப்பிட்டு, சீட்டொன்றுக்கு ஒரு மாஷம் கட்டணமெனவும் விதிக்கின்றது. நாட்டுக்குள் வருவோரும் நாட்டைவிட்டுப் போவோரும் அச்சீட்டை உடையராய் இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. தமிழ் இலக்கியத்துள், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றியிறக்கப்பட்ட பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அங்கு முத்திரை பெற்றவை பொதிகளே என்பது நோக்கற்பாலது. பொதிக்குச் சுங்கம் உண்டு; ஆதலின் அடையாளமும் வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்கு வந்த மனிதரைப் பொதிபோல் அடையாளமிடும் வழக்கம் நமது கடலில் மிகப் பிற்பட்டே ஏற்பட்டது.

‘விசா’ என்னும் சொல் ‘பார்க்கப்பட்டது’ என்ற பொருளுடைய இலத்தீன் மூலத்தினின்றும் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஒரு பத்திரத்தை அதிகாரி பார்வையிட்டமைக்குச் சான்றாக இடப்படும் குறிப்பே தொடக்கத்தில் விசா எனப்பட்டது. பார்வையிட்டமைக்கான குறிப்பு, உள்ளே வருதற்கான அனுமதியாக மாறியமை பிற்கால வளர்ச்சியாகும்.

19ஆம் நூற்றாண்டில் நீரிணைப் பயணம்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திற்கும் தமிழகத்திற்கும் இடையே நடைபெற்ற பயணங்களை நோக்கும்போது, இன்றைய நிலையோடு அவை கொண்டுள்ள வேற்றுமை தெளிவாகும். ஆறுமுக நாவலர் 1849இல் அச்சுயந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது அப்பயணத்தின்போதே. 1864இல் சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னையிற் பட்டம்பெற்று, ஏடுகளைத் தேடி அச்சேற்றிப் பெரும்பணி புரிந்தார். 1897 சனவரி 15ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து பாம்பனுக்குக் கடல்வழியாகச் சென்றார். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளினின்றும் வத்தைகளும் தோணிகளும் கோடிக்கரைக்கும் நாகபட்டினத்திற்கும் சென்றுவந்தன. திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் செல்வது, அயலூருக்குச் செல்வதுபோலவே கருதப்பட்டது. இன்றைய பொருளிலான விசாவோ கடவுச்சீட்டோ அவர்கள் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. இரு கரையினரும் பிரித்தானிய முடியின் குடிகளாய் இருந்தமையால், அக்கரை சட்டத்தின் நோக்கில் ‘வெளிநாடு’ ஆகவில்லை.

எனினும், இச்சுதந்திரத்தை அக்காலத்தின் முழுமையான நிலையெனக் கொள்ளல் தவறாகும். அதே கடலை அதே காலத்திற் கடந்த மற்றொரு மக்கட் கூட்டமும் உண்டு. கோப்பித் தோட்டங்களில் அறுவடைக்கால வேலைக்கென வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் அவர்களிற் பெரும்பாலானோர் தம்மூர் மீண்டனர். சட்டமொழி பின்னர் ஆக்கிய கருத்தின்படி நோக்கின், இக்கோப்பிக் காலத் தொழிலாளர்களே உண்மையான குறுகியகால வருகையாளர்கள் ஆவர். ஆயினும், அவர்களை அப்பெயரால் எவரும் அழைக்கவில்லை. ‘கூலிகள்’ எனவே பதிவேடுகள் அவர்களைக் குறித்தன.

நோயச்சமும் மண்டபமும்

தேயிலை கோப்பியின் இடத்தைப் பெற்றபோது ஆண்டு முழுவதும் வேலையாட்கள் வேண்டியவராயினர். குடும்பம் குடும்பமாக வந்து தங்குதல் வழக்கமாயிற்று. இதே காலத்திற்றான், 1896இல், பம்பாயிற் கொள்ளைநோய் பரவியது. இந்தியாவினின்றும் வருவோர் நோயைக் கொணர்வர் என்ற அச்சம் இலங்கை அரசினரிடத்துக் கடுமையாயிற்று. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும், பின்னர் இராமநாதபுரம் கரையிலுள்ள மண்டபத்திலும் தொழிலாளரைத் தடுத்து வைத்து நோய்ச் சோதனை செய்யும் முகாம்கள் இயங்கின. அம்முகாம்கள் இந்திய மண்ணில் இருந்தமையும், இலங்கைக்குச் செல்வோரைச் சோதிப்பதற்கே இருந்தமையும் மனங்கொள்ளத்தக்கன. ஒரு நாட்டின் வாயில் மற்றொரு நாட்டின் கரையில் அமைக்கப்பட்டது. விமானமேறுவதற்கு முன்னரே பயணியின் பத்திரங்களைச் சோதிக்கும் இக்கால வழக்கத்திற்கு, மண்டபம் ஒரு முன்னோடி எனலாம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை இருப்புப்பாதையும், அப்பால் தலைமன்னாருக்குக் கப்பற் சேவையும், அங்கிருந்து கொழும்புக்குப் புகையிரதமும் ஏற்பட்டன. சென்னையிற் புறப்பட்ட ‘போட் மெயில்’ பயணி ஒரே பயணச்சீட்டிற் கொழும்பை அடையலாயினார். பின்னாளில் ‘இர்வின்’, ‘கோஷன்’ ஆகிய கப்பல்கள் இவ்வழியிற் புகழ்பெற்றன. பயணம் எளிதாயிற்று, ஆனால் எல்லோருக்கும் ஒருபடித்தாக எளிதாகவில்லை. தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளி மண்டபம் முகாமிற் பல நாள்கள் தங்கவைக்கப்பட்டு, உடலும் உடையும் சோதிக்கப்பட்டபின்னரே கப்பலேறினார். உயர்வகுப்பிற் பயணஞ்செய்தோர் இத்தகைய தடுப்புக்காவலுக்கு உட்படவில்லை. நோய் வகுப்பு நோக்கிப் பரவுவதில்லை என்பது மருத்துவர் அறிந்ததே. முகாம் வகுப்பு நோக்கியே இயங்கியது.

இக்காலத்திலேயே தொழிலாளரின் கழுத்தில் ‘தகரச் சீட்டு’ ஏறியது. தோட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்ட அச்சிறு தகட்டை அணிந்திருந்த ஒருவர், கட்டணமின்றி உரிய தோட்டத்திற்கு அனுப்பிவைக்கப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பட்டினப்பாலை காலத்திற் பொதிக்கு உரியதாயிருந்த முத்திரை, இவ்வாறு மனிதருக்கு வந்து சேர்ந்தது. இச்சீட்டு அதனை அணிந்தவர் யார் என்பதைக் கூறவில்லை. எங்கே ஒப்படைக்கப்படவேண்டியவர் என்பதையே கூறிற்று.

போரும் கடவுச்சீட்டும்

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் நிகழ்ந்த மாற்றத்தையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் கடவுச்சீட்டு முறை தளர்ந்தொழிந்திருந்தது. உருசியாவும் துருக்கிப் பேரரசுமே அதனை வற்புறுத்திய முக்கிய நாடுகளாய் இருந்தன. 1914இல் தொடங்கிய உலகப்போர் இந்நிலையை மாற்றியது. ஒற்றர் அச்சமும் ஆள்பலத்தைக் காக்கவேண்டிய தேவையும் எல்லைகளை மூடின. புகைப்படத்தோடு கூடிய கடவுச்சீட்டு பொதுவழக்காயிற்று.

போர் முடிந்ததும் இக்கட்டுப்பாடுகள் நீங்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920 ஒக்டோபரிற் பாரிசிற் கூடிய மாநாடு, பழைய சுதந்திரம் முழுமையாக மீள்வது உடனடியாக இயலாதெனக் கருதி, கட்டுப்பாட்டை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 32 பக்கங்கள் கொண்ட ஒரேமாதிரியான கடவுச்சீட்டுப் புத்தகத்தை அது விதந்துரைத்தது. வெளியேறுதற்கான விசாவை நீக்கவேண்டுமென்றும் கூறியது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அப்புத்தகமே, சிற்சில மாற்றங்களோடு, இன்றும் நமது கையில் உள்ளது. அதே 1920இல் இந்தியாவிலும் நுழைவுக் கடவுச்சீட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1922இல், எந்நாட்டினதும் பாதுகாப்பை இழந்த உருசிய அகதிகளுக்கென, நான்சனின் பெயரால் வழங்கும் பயணப் பத்திரம் ஏற்பட்டது. கடவுச்சீட்டு ஒரு நாட்டுக்கு உரியவருக்கே உண்டு. உரிய நாடு இல்லாதவர் எல்லையில் எதனைக் காட்டுவார் என்ற வினாவை உலகம் முதன்முதலாக எதிர்நோக்கிய காலம் அது. கால் நூற்றாண்டின்பின் அவ்வினா நமது மலையகத்திற்கும் வந்து சேர்ந்தது.

‘நிரந்தர அக்கறை’ என்னும் அளவுகோல்

1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை அளித்தது. வாக்குரிமை வந்தபோது, வாக்களிக்கத்தக்கார் யாவர் என்ற விவாதமும் உடன்வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு வதிவிடம் பற்றிய சான்றும், ஐந்தாண்டுத் தொடர்ச்சியான வதிவை அடிப்படையாகக் கொண்ட நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழும் வேண்டப்பட்டன. தொழிலாளி இந்நாட்டில் ‘நிரந்தர அக்கறை’ உடையவரா, வந்து போகும் பறவையா என்பதே அக்கால அரசியல்வாதிகளின் வினாவாயிருந்தது. பொருளாதாரக் கேடு விளைகின்றது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்த சேர் எட்வேட் ஜக்சனின் அறிக்கை 1938இல் வெளிவந்தது. குடிவரவினால் உள்நாட்டுத் தொழிலாளருக்குப் பெருங்கேடு நேர்ந்துள்ளதென்னும் கருத்தை அது ஏற்கவில்லை. எனினும் விவாதம் ஓயவில்லை. 1939இல் இலங்கை அரசு திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளரை நீக்க முற்பட்டபோது, ஜவகர்லால் நேரு இங்கு வந்து பேசினார். உடன்பாடு கிட்டாமையால், 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. நோயை முன்னிட்டு இலங்கை எழுப்பிய வாயிலின் எதிரே, தொழிலை முன்னிட்டு இந்தியா மற்றொரு வாயிலை அடைத்தது.

1948–49ஆம் ஆண்டுச் சட்டங்கள்

சுதந்திரத்தின்பின் நிறைவேறிய மூன்று சட்டங்கள் நீரிணைப் பயணத்தின் தன்மையை முற்றாக மாற்றின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் பிரசை யார் என வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் பிரசையல்லாதார் உள்வருதலையும் தங்குதலையும் கட்டுப்படுத்தியது. அது 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் தோன்றியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், நீண்டகாலம் இங்கு வதிந்தோர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறுதற்கு வழிவகுத்தது. மறுகரையிலும், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1950இல் இந்தியாவுக்குள் நுழைதற்கான கடவுச்சீட்டு விதிகள் புதிதாக வகுக்கப்பட்டன.

இவற்றுள் மூன்றாவதாகக் கூறிய சட்டமே நமது பொருளுக்கு மிக நெருங்கியது. விண்ணப்பதாரர், மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்து ஆண்டும், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். அதன்பின்னும் அவ்வதிவு தொடர்ந்திருத்தல் வேண்டும். இடையிடையே நாட்டைவிட்டு நீங்கியிருப்பினும், ஒரு தடவையில் 12 மாதத்திற்கு மேற்படாதவரை வதிவு முறிந்ததாகக் கொள்ளப்படமாட்டாது. மனைவியும் வயது நிரம்பாத பிள்ளைகளும் இலங்கையில் வதிந்தமையையும் அவர் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது.

இவ்விதியின் கருத்தை நாம் சற்று நின்று எண்ணிப்பார்த்தல் தகும். மலையகத் தொழிலாளி ஒருவர் தம் தந்தையின் ஈமக்கடனுக்கோ, உடன்பிறந்தாளின் திருமணத்திற்கோ, ஊர்க்கோயில் நேர்த்திக்கோ திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலுள்ள தம்மூருக்குச் சென்றபோது, அதை ஒரு சட்டச் செயலாக அவர் கருதியிரார். முதற்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புதல் நமது பழைய வழக்கம். அதுவும் அக்கரையிலேயே நிகழ்ந்திருக்கலாம். நோய்வாய்ப்பட்டோ, நிலவழக்கு முடியாமலோ, போர்க்கால இடர்களாலோ திரும்புதல் தாமதித்திருக்கலாம். செல்லும்போது எவரும் நாள் குறிக்குமாறு அவரிடம் கேட்கவில்லை. பின்னர் வந்த சட்டம் அந்நாள்களை எண்ணியது. வந்த நாளுக்கும் போன நாளுக்கும் பத்திரச் சான்று கேட்டது. எழுத்தறியாதவரும், பதிவேடுகளைத் தோட்டத்துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வைத்திருந்த சூழலில் வாழ்ந்தவருமாகிய ஒருவர், பத்தாண்டுக்கு முந்திய பயணமொன்று 12 மாதத்திற்கு உட்பட்டது என எவ்வாறு காட்டுவார்? உறவினர் வீட்டுக்குச் சென்றுவந்த ஒரு பயணம், அவர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர் என்பதற்குச் சான்றாக மாறியது.

1951 ஆகஸ்டில் விண்ணப்பகாலம் முடிவடைந்தபோது எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. ஈற்றிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. நிராகரிப்புகளுக்குக் காரணங்கள் பல. வதிவின் தொடர்ச்சியை மெய்ப்பிக்க இயலாமை அவற்றுள் ஒன்று.

நாடற்றவரும் பயணமும்

1954 சனவரியிற் கைச்சாத்தான நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் கள்ளக்குடியேற்றத்தைத் தடுத்தலை முதன்மையாகக் கொண்டது. வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோரைப் பதிவுசெய்யவும், பதிவு முடிந்தபின் அதில் இடம்பெறாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவரை இந்தியாவினின்றும் சட்டவிரோதமாக வந்தவரெனக் கொள்ளவும் அவ்வொப்பந்தம் இடமளித்தது. நுழைவுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில், பேசும் மொழியே ஒருவரைச் சந்தேகத்திற்கு உள்ளாக்கும் அடையாளமாக எழுத்தில் ஏறியமை இதன் தனித்தன்மையாகும். ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல், தோணியிற் கால்வைத்தறியாத, இந்நாட்டிற் பிறந்த மக்கள்மீதும் வீசப்பட்டமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம்.

நாடற்றவர் என்னும் நிலையின் பொருளைக் குறுகியகாலப் பயணத்தின் வழியாகவே நன்குணரலாம். கடவுச்சீட்டை வழங்குவது ஓர் அரசு. அது தன் பிரசைக்கே வழங்கும். பிரசையல்லாதவருக்கு அது இல்லை. புறப்படலாம், ஆனால் திரும்பிவருதற்கு உரிமை இல்லை. ஆகவே அவர் செல்லும் எப்பயணமும் குறுகியகாலப் பயணம் ஆகமாட்டாது. அது குடிபெயர்வாகவே முடியும். அக்கரையில் தாய் இறந்தால் மகனுக்கு இருந்த தெரிவுகள் இரண்டே: சாவீட்டுக்குச் செல்லாமல் இருத்தல், அல்லது தன் மனைவி மக்களிடம் திரும்ப இயலாத ஆபத்தை ஏற்றுச் செல்லுதல்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் வகுத்தது. 1974இல் அவ்வெச்சம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிரம்புமுன், 1964 திசெம்பரில், பெரும்புயலொன்று தனுஷ்கோடியை அழித்தது. கப்பற்சேவை பின்னர் இராமேசுவரத்தினின்றும் நடைபெற்றது. தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்டு அக்கப்பலேறியவர்களிற் பலர், அத்தாயகத்தை ஒருநாளும் கண்டறியாதவர்கள். அவர்களை வரவேற்றது பழைய மண்டபம் முகாமே. பாட்டன் இலங்கை செல்லுமுன் சோதிக்கப்பட்ட இடத்திற் பேரன் இந்தியா வந்து தங்கினான். 1983ஆம் ஆண்டு வன்செயலின்பின், விசா எதுவுமின்றிப் படகேறி உயிர்தப்பிய அகதிகளையும் அதே முகாம் ஏற்றது. அப்போரின் காரணமாக இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பற்சேவையும் 1980களில் நின்றுபோயிற்று.

கச்சதீவு: ஒரு விதிவிலக்கு

இவ்வாறு இறுகிய எல்லையில் ஒரு விதிவிலக்கும் எழுத்தில் உண்டு. 1974 யூனிற் கச்சதீவு பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் அத்தீவுக்கு வந்துபோகலாம் எனவும், அதற்கெனப் பயணப் பத்திரமோ விசாவோ பெறுமாறு இலங்கை அவர்களை வேண்டாது எனவும் கூறுகின்றது. மாசி, பங்குனிக் காலத்தில் நடைபெறும் அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையினின்றும் மக்கள் கூடுவது வழக்கம். இறைமை பற்றிய வழக்கைத் தீர்க்க எழுதிய பத்திரத்திலேயே, ‘முன்போல்’ என்ற சொல்லால் பழைய பயணமுறை ஒன்றுக்கும் இடங்கொடுக்கப்பட்டது. அவ்வுறுப்புரையின் எல்லைபற்றிப் பின்னர்க் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. போர்க்காலத்தில் திருவிழாவும் தடைப்பட்டது. ஆயினும், அரசுகள் விரும்பின் குறுகியகால வருகைக்கு நம்பிக்கையையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பிற்கால வளர்ச்சி

நுழைவு விதிகளின் அண்மைக்கால வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம். நோய்பற்றிய கட்டுப்பாடுகள் உலக சுகாதாரத் தாபனத்தின் 1951ஆம் ஆண்டு விதிகளாற் சர்வதேச ஒழுங்கு பெற்றன. பெரியம்மை ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டதும், பயணிகள் கொண்டுசென்ற அம்மைப்பாற் சான்றிதழ் தேவையற்றதாயிற்று. ஓர் அச்சம் நீங்கியதும் அதன் வினாவும் படிவத்தினின்றும் நீங்கியமைக்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டு. இலங்கை 2012 சனவரியில் இலத்திரனியல் முறையிலான பயண அனுமதியை அறிமுகஞ்செய்து, 30 நாள் வருகையை எளிதாக்கியது. இந்தியா 2014இல் அத்தகைய முறையைத் தொடங்கி, 2015 ஏப்பிரலில் இலங்கையருக்கும் விரித்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையிற் பயணிகள் கப்பற்சேவை தொடங்கப்பெற்றது. நாடற்றோர் பிரச்சினையும் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பின்பின் பிரசாவுரிமை பெற்றவர், கடவுச்சீட்டையும் அதன்வழித் திரும்பிவரும் உரிமையையும் பெறலாயினார்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். படிவத்திலுள்ள சுகாதார வினா தட்டப்பாறையையும் மண்டபத்தையும் நினைவூட்டுகின்றது. ‘ஊழியம் செய்யமாட்டேன்’ என்ற உறுதிமொழி 1930களின் தொழில் விவாதத்தோடு உறவுடையது. புகைப்படம் முதலாம் உலகப்போரின் எச்சம். தங்கும் நாள்களும் திரும்பும் சீட்டும் பற்றிய வினாக்கள், பிரசை–அந்நியர் என்ற பாகுபாட்டின் விளைவு. இவற்றை முழுவதும் தேவையற்றவை என நாம் கூறவரவில்லை. நோயைத் தடுக்கவும் தன் எல்லையைக் காக்கவும் அரசுக்குக் கடமை உண்டு. ஆனால் அக்கடமை நிறைவேற்றப்பட்ட முறையில், அதன் சுமை உயர்வகுப்புப் பயணியின்மீது குறைவாகவும் தகரச் சீட்டு அணிந்தவர்மீது மிகுதியாகவும் விழுந்தது. நாற்பதாண்டு இந்நாட்டில் உழைத்தவரை வந்துபோகின்றவர் என்றும், முப்பது நாள் உல்லாசப் பயணியை விரும்பத்தக்க விருந்தினர் என்றும் கருதிய நோக்கு, அதே சட்டப் புத்தகத்தினின்றும் பிறந்தது.

இவ்வரலாற்றின் மூலாதாரங்கள் சுவடிச்சாலைகளில் மட்டும் இல்லை. மலையகத்தின் லயங்களிலும், அக்கரையிற் குடியமர்த்தப்பட்டோரின் வீடுகளிலும், பழைய தகரப் பெட்டிகளுக்குள் பிறப்புச் சான்றிதழ்களும், தோட்டத் துண்டுகளும், நிராகரித்தற் கடிதங்களும், கப்பற் சீட்டுகளும் இன்னும் இருக்கின்றன. ஈரமும் கரையானும் அவற்றை ஆண்டுதோறும் அழித்துவருகின்றன. போட் மெயிலில் ஊர்சென்று திரும்பியதை நினைவில் வைத்திருப்போரும் அருகிவருகின்றனர். அப்பத்திரங்களைப் படியெடுத்தும், அம்முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தும் பேணுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். விடுமுறைக்கு மலையகம் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலிருந்தே அப்பணி தொடங்கலாம் என்பது எமது கருத்து.